சும்மா சும்மா பதறுகிறேன், இது சுபாவமா நோயா?

கேள்வி:
போன் மணி அடித்தாலே யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று வயிறு கலங்குகிறது. மகள் வர கொஞ்சம் தாமதமானால் மனம் ஆஸ்பத்திரி வரை போய்விடுகிறது. கழுத்தும் தோளும் எந்நேரமும் இறுகியே கிடக்கின்றன, தூக்கமும் இல்லை. வீட்டில் "உன் சுபாவமே அப்படித்தான்" என்கிறார்கள். அப்படித்தானா?

பதில் 1:
சுபாவம் என்று விட்டுவிடாதீர்கள். அடக்க முடியாத கவலை, பெரும்பாலான நாட்களில், 6 மாதமாவது நீடித்தால் பொதுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். தசை இறுக்கம், எரிச்சல், தூக்கக் கெடுதல் எல்லாம் அதோடு வரும். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இப்படிப் படபடக்கும். டாக்டரிடம் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
எனக்கும் இதேதான். கவலைக்கென்றே மாலையில் ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னார் என் உளவியலாளர். சிரிப்புதான் வந்தது. பகலில் வருவதை நோட்டில் ஒரு வரி எழுதி மூடிவிடுவேன். மாலையில் படித்தால் பாதி அசட்டுத்தனமாகத் தெரியும். அப்புறம், மகளுக்குத் திரும்பத் திரும்பப் போன் போடாதீர்கள். அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பதறும்.

கேட்டவர்:
சரி, மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவேனா?

பதில் 1:
வழக்கமாக முதலில் தரும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை (மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தினமும் போடும் மாத்திரை) அப்படி அடிமையாக்காது. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும், நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. பழக்கமாகும் அபாயம், சீக்கிரம் அமைதிப்படுத்தித் தூக்கம் தரும் பென்சோடயசெபைன் வகை மாத்திரையில்தான்.