மறு: நிலநடுக்கத் தொடக்கம் – கருவாக்கமா, முளைப்பா?

ஐயா, வணக்கம்.

> படிகத்துக்கும் மழைத்துளிக்கும் 'கருவாக்கம்' வழக்கில் இருக்கிறது. நிலநடுக்கம் தொடங்கும் கட்டமான 'நியூக்ளியேஷ'னுக்கும் அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தத் துறையில் அணுகுண்டு எப்போதும் பக்கத்திலேயே நிற்கிறது. 1998 மே 11இல் பொக்ரானில் வெடித்ததை வெளிநாடுகளில் பதிவு செய்தவை நில அதிர்வுமானிகள்தாம். அப்படியிருக்க 'நிலநடுக்கக் கருவாக்கம்' என்று எழுதினால் செய்தித்தாள் வாசகருக்கு அணுக்கருதான் நினைவுக்கு வரும். ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுதிக் கை ஓய்ந்துவிடும்.

பொருளைப் பார்த்துவிடுவோம். 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் டீட்டெரிக், ஒன்றரை மீட்டர் சதுரக் கருங்கல் பாளமொன்றை மூலைக்கு மூலை அறுத்துச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு மீட்டர் நீள அந்த வெட்டுதான் நிலத்தடிப் பிளவுக்கு ஈடு. நான்கு பக்கமிருந்தும் நெருக்கி, வெட்டின் ஓரமாக மானிகளை ஒட்டிக் கவனித்தார்கள். இத்தகைய சோதனைகளில் முழு வெட்டும் ஒன்றாக நழுவுவதில்லை. எங்கோ ஒரு திட்டு மட்டும், அதிர்வே இல்லாமல், மெல்ல நழுவத் தொடங்குகிறது. அது அகன்று அகன்று குறிப்பிட்ட நீளத்தை எட்டியதும் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது, நொடிக்குக் கிலோமீட்டர் கணக்கில். எட்டாமலேயே அடங்கிப்போகிற நழுவல்களும் உண்டு.

ஆகவே சொல்லில் மெதுவும் வேண்டும், பரப்பும் வேண்டும், பாதியில் பட்டுப்போகவும் இடம் வேண்டும். 'முளைப்பு' மூன்றுக்கும் பொருந்துகிறது; முளைத்ததெல்லாம் மரமாவதில்லை. முளைத்திட்டு, முளைநீளம் என்று கிளைச்சொற்களும் சிரமமின்றிக் கிடைக்கின்றன. 'கருவாக்க நீளம்' எனக்கு வாயில் நிற்கவில்லை. பரிந்துரையாக வந்த 'தோற்றுவாய்' நல்ல சொல், ஆனால் அது ஒரு புள்ளியைக் குறிக்கிறது. நடுக்கம் தொடங்கும் புள்ளிக்குக் 'குவியம்' ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது.

'முன்னறிகுறி' வாடையுள்ள எந்தச் சொல்லும் வேண்டாம் என்பேன். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் உள்ள பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை ஆறு முறை, ஏறக்குறைய 6 அளவில் நடுக்கம் வந்திருக்கிறது. அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று கருவிகளை நட்டுக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28இல். ஆழ்துளைகளில் இருந்த மானிகள்கூட முன்கூட்டித் தெளிவாக எதையும் காட்டவில்லை. அங்கே முளைத்திட்டு மிகச் சிறியதாக இருந்திருக்க வேண்டும்.

'முன்னதிர்வு' தனியாகவே இருக்கட்டும். அது பின்னால் சூட்டும் பெயர். ஜப்பானில் 2011 மார்ச் 9இல் வந்த 7.3 அளவு நடுக்கம் இரண்டு நாள் கழித்து 9.0 வந்த பிறகுதான் முன்னதிர்வானது.

அடுத்தது 'ஸ்டிக்-ஸ்லிப்': பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று பிடித்து நின்று, திடீரென நழுவி, மறுபடி பிடித்துக்கொள்வது. நிலநடுக்கத்தின் இயங்குமுறையே இதுவாக இருக்கலாம் என்று பாறை ஆய்வாளர்களான பிரேஸும் பையர்லீயும் 1966இல் முன்வைத்தார்கள். 'பிடித்து நழுவல்' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'பிடிநழுவல்' என்று சுருக்கினால் கைவிட்டுப்போனது மட்டும்தான் தெரிகிறது, மறுபடி பிடித்துக்கொள்வது வரவில்லை. வேறு தோன்றினால் எழுதுங்கள்.