பிரேசில் பாடகர் ஜோர்ஜ் பென்னின் 1976 இசைத்தட்டு "ஆஃப்ரிக்கா பிரேசில்": உங்களைப் பிடித்து நிறுத்திய இடம் எது?

பித்தன்
எனக்குக் கடைசிப் பாட்டு, ஸும்பி. முழுத் தட்டையும் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன், அது தொடங்கியதும் செய்துகொண்டிருந்த வேலை அப்படியே நின்றுபோனது. 1974 தட்டில் இதே பாட்டை மரக் கிதாரோடு நிதானமாகப் பாடியிருப்பார். அங்கோலா, காங்கோ, பெங்கேலா என்று அடிமைகளைப் பிடித்துவந்த ஆப்பிரிக்க இடங்களின் பெயர்கள் வரும், அடிமை ஏலத்தில் ஓர் இளவரசி நிற்பாள். அப்போது சோகப் பாட்டாகத்தான் கேட்டேன். 1976இல் அதே வரிகளைத் தொண்டை கிழியக் கத்துகிறார். ஸும்பி வந்தால் அவன் ஆணைதான் என்னும் வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தப்பியோடிய அடிமைகள் பிரேசிலில் அமைத்த பால்மாரெஸ் குடியிருப்பின் தலைவன் ஸும்பி, அவனைக் கொன்றது 1695இல். இந்தக் குரலில் அவன் உயிரோடு வருகிறான். எலெக்ட்ரிக் கிதார் இல்லாமல் இந்தக் கத்தல் வந்திருக்காது.

மழைக்காகம்
எனக்கு தாஜ்மஹால். ஷாஜகான், மும்தாஜ் கதையை ரியோக்காரர் ஒருவர் துள்ளித் துள்ளிப் பாடுகிறார், சரி. அந்த "தே தே தே" வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இது பிரிட்டிஷ் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் 1978 பாட்டு "டா யா திங்க் ஐ'ம் செக்ஸி" அல்லவா! பென் இதை முதலில் பதிவு செய்தது 1972இல். தன்னை அறியாமல் எடுத்துவிட்டதாக ஸ்டூவர்ட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். இருந்தும் உலகம் முணுமுணுப்பது அவர் பாட்டாகத்தான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

தாளக்காரன்
முதல் பாட்டின் கிதார்தான் எனக்கு. ஆப்பிரிக்க ஃபார்வர்டு ஒருவனைப் பற்றிய பாட்டு, கால்பந்து பிடித்தவர்களுக்கு அதுவே போதும்.

ஆனால் பித்தன் சொல்வதை ஏற்க முடியாது. எலெக்ட்ரிக் கிதார் 1976இல் திடீரென்று வரவில்லை. 1967இலேயே "ஓ பிடூ" தட்டில் எலெக்ட்ரிக் கிதாரை எடுத்துவிட்டார். அதே வருடம் ஜூலையில் சாவ் பாவுலோ தெருக்களில் எலெக்ட்ரிக் கிதாருக்கு எதிராக ஊர்வலமே நடந்தது. பாடகி எலிஸ் ரெஜினா போனார், பாடகர் ஜில்பெர்த்தோ ஜிலும் போனார். சம்பா கெட்டுவிடும் என்ற பயம்! அதே வருடம் அக்டோபரிலேயே ஜில் பாட்டில் எலெக்ட்ரிக் கிதார்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று: போன் ஸ்பீக்கரில் தயவுசெய்து கேட்காதீர்கள். பேஸும் சுர்து என்னும் பெரிய சம்பா முரசும் அதில் செத்துப்போகும். நல்ல ஹெட்போன் போடுங்கள், குயீக்கா என்னும் முனகும் மேளம் கிதாரோடு வம்பு பேசுவது தெளிவாகக் கேட்கும். அப்புறம் நேரே இந்தத் தட்டுக்குப் போகாதீர்கள். 1963இன் முதல் தட்டு, அடுத்து 1974, அதற்குப் பிறகு இது. முதல் தட்டிலேயே அவர் மரக் கிதாரைத் தாளக் கருவி போலத்தான் அடித்திருக்கிறார். அது காதில் பதிந்தால்தான் ராக் வந்த பிறகும் சம்பா எங்கே நிற்கிறது என்று புரியும். ஒலி கூட்டிக் கேளுங்கள், இரவில் வேண்டாம்.

பித்தன்
தாளக்காரரே, ஊர்வலம் எனக்கும் தெரியும். கிதார் எப்போது வந்தது என்று நான் பேசவே இல்லை, குரலைப் பற்றிச் சொன்னேன். 1967 தட்டில் எந்தப் பாட்டில் இப்படிக் கத்தியிருக்கிறார்? ஒன்றைக் காட்டுங்கள், இன்றைக்கே கேட்கிறேன்.