ஏஎஃப் நோயாளிக்கு சிஆர்டி: ரிப்போர்ட்டில் 93 சதவீதம், ஆனாலும் மூச்சு வாங்குது

தோட்டத்து டிரஸர் (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். எங்க தோட்ட கிளினிக்குக்கு வர்ற ஒரு பெரியவர், 68 வயசு, முன்னே செம்பனைக் குலை வெட்டினவர். நிரந்தர ஏஎஃப் (மேல் அறை ஒழுங்கில்லாம நடுங்குறது). இஎஃப் (இதயம் ஒரு துடிப்புல வெளியே தள்ளுற ரத்தத்தின் அளவு) 28 சதவீதம், எல்பிபிபி (இடது பக்க மின்பாதை அடைப்பு), இசிஜில கியூஆர்எஸ் அகலம் 160 மில்லி செகண்ட். ஆறு மாசத்துக்கு முன்னே சிஆர்டி-பி (இதயத்தோட ரெண்டு கீழறையையும் ஒண்ணா துடிக்க வைக்கிற பேஸ்மேக்கர்) வச்சாங்க. பைசோப்ரொலால் 2.5 மி.கி., ஃபுருசமைட் 40, ஸ்பைரோனோலாக்டோன் 25, கூட ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின். பி.பி. 108/66, உட்கார்ந்திருக்கும்போதே நாடி 84. மேட்டு லயத்துக்கு நடந்தா மூச்சு வாங்குது, கால் வீக்கமும் வடியல. கடைசி ரிப்போர்ட்ல அடிப்படை வேகம் 60, பைவென்ட்ரிகுலர் பேசிங் (ரெண்டு கீழறையையும் மெஷின் துடிக்க வச்சது) 93% னு இருக்கு. மெஷின் நல்லா ஓடுதாம். அப்புறம் ஏன் இப்படி? எதை முதல்ல பார்க்கச் சொல்லி லெட்டர் எழுதலாம்?

லீட் கணக்கு:
டிரஸர் அண்ணே, உங்க கேள்வியிலேயே பதில் இருக்கு. மெஷின் 60ல நிக்குது, நாடி 84ல ஓடுது. அப்படின்னா உட்கார்ந்திருக்கும்போதே நிறைய துடிப்பு அவரோட சொந்தத் துடிப்பா இருக்கலாம். அப்புறம் 93 எங்கிருந்து வந்துச்சு?

ஏஎஃப்ல ஏவி நோட் (மேல் அறையிலிருந்து கீழறைக்கு மின் துடிப்பு இறங்குற வாசல்) வழியா துடிப்பு கண்டபடி இறங்கும். சில மெஷின்ல அதுக்குத் தகுந்த மாதிரி வேகத்தை ஏத்திக்கிற செட்டிங் உண்டு. இன்னொரு செட்டிங், சொந்தத் துடிப்பு வந்த உடனே அதோட முதுகுல ஒரு ஸ்பைக் (மின் தூண்டல்) போடும். ஸ்பைக் போட்டதெல்லாம் கணக்குல ஏறிடும். ஆனா அதுக்குள்ள இதயத் தசை பாதியோ முழுசோ தானாவே சுருங்க ஆரம்பிச்சிருக்கும். பாதி கலந்தா ஃப்யூஷன், முழுசும் சொந்தத் துடிப்பா இருந்தா சூடோஃப்யூஷன். ரெண்டுலயும் இடது பக்கச் சுவருக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்கல.

2009ல 19 ஏஎஃப் நோயாளிங்களுக்கு 12 லீட் ஹோல்டர் (நாள் முழுக்க இசிஜி பதியுற கருவி) போட்டுப் பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு. மெஷின் கணக்குல எல்லாருக்கும் 90க்கு மேல. மெஷினோட தூண்டல் தசையை உண்மையா பிடிச்சது 9 பேருக்கு மட்டும். அந்தக் கணக்கை நான் நம்புறதே இல்ல.

93ங்கிறது உண்மைன்னே வச்சுக்கிட்டாலும் போதாது. 2011ல 36,000க்கும் மேற்பட்டவங்களோட மெஷின் பதிவுகளை அலசினப்போ, 98க்கு மேல இருந்தவங்களுக்குத்தான் இறப்பு நல்லா குறைஞ்சிருந்துச்சு. சைனஸ் ரிதம்ல (ஏஎஃப் இல்லாத இயல்பான துடிப்புல) அந்த எண் பெரும்பாலும் தானா வந்துடும். ஏஎஃப்ல வர வைக்கணும்.

லெட்டர்ல இதைக் கேளுங்க. முதல்ல இடது லீட் (மெஷின்லிருந்து இதயத்துக்குப் போற வயர்) தசையைப் பிடிக்குதான்னு த்ரெஷோல்ட் (பிடிக்கத் தேவையான குறைஞ்ச மின் அளவு) பார்க்கணும். லீட் நகர்ந்திருந்தாலும் மெஷின் பேசிங்னுதான் எண்ணும், அதனால மார்பு எக்ஸ்ரே நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. அடுத்து கிளினிக்லயே வேகத்தை 100, 110க்கு ஏத்தி சுத்தமா பேஸ் ஆகுற துடிப்பை 12 லீட் இசிஜில எடுத்து வச்சுக்கணும். அதுதான் அளவுகோல். சாதாரணமா அந்தத் துடிப்பு இசிஜியோட லீட் ஒண்ணுல கீழ்நோக்கியும் வி1ல மேல்நோக்கியும் இருக்கும். அப்புறம் 24 மணி நேர 12 லீட் ஹோல்டர், அன்னைக்கு அவரை அந்த மேட்டுல நடக்க விடுங்க. படுத்திருந்து எடுத்த இசிஜில ஒண்ணும் தெரியாது. பிவிசி (கீழறையிலிருந்து முந்திக்கிட்டு வர்ற துடிப்பு) எத்தனைன்னும் பாருங்க, அதுவும் சதவீதத்தைத் தின்னும்.

சுவடி:
லீட் கணக்கு சொன்னதோட மருந்துப் பக்கம். ஏஎஃப்க்கு நாடி 110க்குள்ள இருந்தா போதும்னு ஒரு பழக்கம் இருக்கு. சிஆர்டி வச்சவருக்கு அது பொருந்தாது, சொந்த வேகம் மெஷின் வேகத்துக்குக் கீழ இறங்கணும். பைசோப்ரொலாலை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏத்தலாம், உச்சம் 10 மி.கி., ஆனா நீர் கட்டியிருக்கும்போது ஏத்தாதீங்க, முதல்ல வீக்கம் வடியட்டும். டிகாக்சின் 62.5லிருந்து 125 மைக்ரோகிராம் வரை, கிட்னியும் பொட்டாசியமும் பார்த்துட்டு. டிகாக்சின் உட்கார்ந்திருக்கும்போது அடக்கும், மேடு ஏறும்போது கைவிட்டுடும். டில்டயாசெம், வெராபமில் ரெண்டும் இந்த இஎஃப்க்கு ஆகாது. ஐவாப்ரடின் ஏஎஃப்ல வேலையே செய்யாது.

யாராவது அமியோடரோன் சேர்த்தா வார்ஃபரின், டிகாக்சின் ரெண்டையும் குறைக்கணும். டிகாக்சின் ஏறக்குறைய பாதி. ஐஎன்ஆர் (ரத்தம் உறையுற நேரத்தைக் காட்டுற சோதனை) வாரா வாரம்.

இதுக்கும் அசையலன்னா நேரா ஏவி நோட் அப்லேஷன். ஐரோப்பிய வழிகாட்டி (2021) சொல்றதும் இதுதான்: ஏஎஃப் துடிப்பு இறங்கி வர்றதால பேசிங் 90-95க்குக் கீழ இருந்தா நோடைச் சுடலாம். தொடை சிரை (ரத்தக்குழாய்) வழியா கதீட்டர் விட்டுச் சுடுறது. அதுக்கப்புறம் மேல இருந்து ஒண்ணும் இறங்காது, ஒவ்வொரு துடிப்பும் மெஷினோடது. ஐஜேஎன் (தேசிய இதயக் கழகம்) மாதிரி ஈபி லேப் (இதய மின்னோட்டத்தைப் பரிசோதிச்சு இப்படிச் சுடுற இடம்) இருக்கிற இடத்துக்கு அனுப்பணும்.

சுட்ட கையோட வேகத்தை 60ல விடக்கூடாது. வேகமா ஓடிப் பழகின இதயம் திடீர்னு மெதுவானா ஆபத்தான வென்ட்ரிகுலர் அரித்மியா (கீழறைத் துடிப்புக் கோளாறு) வரலாம். முதல் ஒண்ணு ரெண்டு மாசம் 80-90ல வச்சு, அப்புறம் 70க்கு இறக்குவாங்க. லீட் நிச்சயமா நல்லா இருக்கணும், ஏன்னா இனி அவருக்கு மாற்று இல்ல.

தோட்டத்து டிரஸர்:
நன்றி சுவடி சிஸ்டர், நன்றி லீட் கணக்கு தம்பி. ரெண்டு சந்தேகம். நோடைச் சுட்டா வார்ஃபரின் நிறுத்தலாமான்னு மகன் கேட்கிறார். பெரியவர் இன்னும் வீட்டுப் பின்னால புல்வெட்டும் மெஷின் எடுக்கிறார், அது பரவாயில்லையா?

சுவடி:
நிறுத்தவே கூடாது. மேல் அறை இன்னும் நடுங்கிக்கிட்டுத்தான் இருக்கும், ரத்தக்கட்டி அங்கதான் உருவாகும். இதயச் செயலிழப்புக்கு ஒண்ணு, 65 தாண்டினதுக்கு ஒண்ணுன்னு பக்கவாத ஆபத்துக் கணக்குல ஏற்கனவே ரெண்டு புள்ளி. ஐஎன்ஆர் 2-3. அப்லேஷனுக்காகவும் வார்ஃபரினை நிறுத்தி ஹெப்பாரின் ஊசி போட வேண்டாம். மெஷின் பொருத்துற சமயத்துல அப்படி மாத்தினவங்களுக்கு 16 சதவீதம் பேருக்கு மெஷின் வச்ச இடத்துல ரத்தம் கசிஞ்சு பெரிய வீக்கம், நிறுத்தாம விட்டவங்களுக்கு 3.5 (2013 ஆய்வு).

லீட் கணக்கு:
புல்வெட்டி எடுக்கலாம் அண்ணே, ஆனா அதோட இன்ஜின் நெஞ்சுல வச்ச பேஸ்மேக்கர் பக்கத்துல வரக்கூடாது. ஸ்பார்க் பிளக்கும் வயரும் 30 செ.மீ. தள்ளி, அதனால இடது தோள்ல மாட்டாம வலது பக்கம். வெல்டிங் செய்றவர்னா 130 ஆம்ப்ஸுக்குள்ள, 60 செ.மீ. தள்ளி. நீளக் கம்பைத் தலைக்கு மேல தூக்கிக் குலை இழுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். காலர் எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவுல லீட் நசுங்கி உடையும். நோடைச் சுட்ட பிறகு உடைஞ்சா மயக்கத்துலதான் தெரியும். ஹோல்டர் வந்ததும் வி1 படத்தை இங்க போடுங்க, பேரை மறைச்சுட்டு.