இம்போர்ட் பாதையில் எக்ஸ்டென்ஷனை டீம் முழுக்கக் கட்டாயமாக்குவது எப்படி?

கேள்வி:
வணக்கம். பெருங்குடியில் நாலு பேர் டீம், டைப்ஸ்கிரிப்டில் ஒரு பில்லிங் சர்வீஸ் எழுதுகிறோம். ஒரு ஃபைலை இம்போர்ட் செய்யும்போது ஒருத்தர் './கட்டணம்' என்று எழுதுகிறார், இன்னொருத்தர் எக்ஸ்டென்ஷனும் (ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வால்) சேர்த்து './கட்டணம்.ஜேஎஸ்' என்கிறார். லேப்டாப்பில் டிஎஸ்எக்ஸ் (டைப்ஸ்கிரிப்டை நேராகவே ஓட்டும் கருவி) வைத்து ஓட்டினால் இரண்டுமே ஓடுகிறது. நேற்று ராத்திரி, டைப்ஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் டிஎஸ்சி-யில் பில்ட் செய்து சர்வரில் ஏற்றினோம். அங்கே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் கிளம்பியதுமே, ஃபைல் கிடைக்கவில்லை என்று 'ஈஆர்ஆர் மாட்யூல் நாட் ஃபவுண்ட்'. ஃபைல் அங்கேயேதான் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தேன். பேக்கேஜ்.ஜேசனில் டைப் 'மாட்யூல்', டைப்ஸ்கிரிப்டின் செட்டிங் ஃபைலான டிஎஸ்கான்ஃபிக்கில் மாட்யூல் ரெசல்யூஷன் (பாதையைத் தேடும் முறை) 'பண்ட்லர்'. ரிவ்யூவில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கோடைச் சோதிக்கும் ஈஎஸ்லின்டில் ஒரு விதி போட்டால் போதுமா?

பதில் 1:
கோளாறு அந்த 'பண்ட்லர்'தான். பின்னால் வைட் மாதிரி, ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் பண்ட்லர் ஒன்று பாதையைச் சரிசெய்துகொள்ளும் என்று நம்பி, டிஎஸ்சி எதையும் கேட்காமல் விட்டுவிடும். பாதையை எழுதியபடியே வெளியே தள்ளும். இம்போர்ட்டுக்கு முந்தைய பழைய ரெக்வயர் என்றால் நோட் .ஜேஎஸ், .ஜேசன், .நோட் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கும், ஃபோல்டருக்குள் இன்டெக்ஸையும் தேடும். இம்போர்ட் அப்படித் தேடாது. எழுதியது எதுவோ அதுதான்.

மாட்யூல், மாட்யூல் ரெசல்யூஷன் இரண்டையும் 'நோட்நெக்ஸ்ட்' ஆக்குங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாத இடத்திலெல்லாம் டிஎஸ்சி-யே பில்டை நிறுத்தும். பெரும்பாலான இடங்களில் எந்தப் பாதை வேண்டும் என்றும் சொல்லிவிடும். வெறும் ஃபோல்டர் பெயரும் மாட்டும், அங்கே '/இன்டெக்ஸ்.ஜேஎஸ்' வரை எழுத வேண்டும்.

ஈஎஸ்லின்டின் 'இம்போர்ட்/எக்ஸ்டென்ஷன்ஸ்' வெறும் ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்டுக்கு நல்ல விதி. 'இக்னோர் பேக்கேஜஸ்' என்று வைத்தால் எக்ஸ்பிரஸ் மாதிரிப் பேக்கேஜ் பெயர்களைத் தொடாது. டைப்ஸ்கிரிப்டில் அதை நம்ப வேண்டாம். பாதை எந்த ஃபைல் என்று தேடும் அதன் ரிசால்வர் .ஜேஎஸ் பாதையை .டிஎஸ் ஃபைலில் கொண்டுபோய் நிறுத்துவதால், சரியாக எழுதிய வரியையே தப்பு என்று சொல்லும். நான் இரண்டு நாள் இதில் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. ஆனால் டிஸ்க்கில் இருப்பது கட்டணம்.டிஎஸ். இல்லாத .ஜேஎஸ்-ஐ எழுதச் சொன்னால் புதிதாகச் சேர்ந்த தம்பி குழம்புகிறான்.

பதில் 2:
நம்ம ஊர் வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டும் இருக்குமே, அப்படிச் சொல்லுங்கள். பில்டுக்கு அப்புறம் நோட் வந்து கதவைத் தட்டும்போது அங்கே இருப்பது .ஜேஎஸ். அந்த எண்ணைத்தான் எழுத வேண்டும்.

.டிஎஸ் என்றே எழுத ஆசை என்றால், டைப்ஸ்கிரிப்ட் 5.7-இல் வந்த 'ரீரைட் ரிலேட்டிவ் இம்போர்ட் எக்ஸ்டென்ஷன்ஸ்' பில்டின்போது மாற்றிக் கொடுக்கும். புள்ளியில் தொடங்கும் பாதைகளுக்கு மட்டும்தான். டிஎஸ்கான்ஃபிக்கின் 'பாத்ஸ்' வழியாகப் பாதைகளுக்கு வைத்துக்கொண்ட செல்லப் பெயர்களைத் தொடாது. எதுவானாலும் ஒன்றை மட்டும் வையுங்கள். விஎஸ்கோடில் 'இம்போர்ட் மாட்யூல் ஸ்பெசிஃபையர் எண்டிங்' செட்டிங்கை 'ஜேஎஸ்' ஆக்கி ரெப்போவிலேயே போட்டுவிட்டால், தானாக வரும் இம்போர்ட்டும் அதே மாதிரி வரும்.

கேள்வி கேட்டவர்:
நோட்நெக்ஸ்ட் போட்டதும் 143 பிழை. மத்தியானத்துக்குள் திருத்திவிட்டோம், சர்வரில் ஓடுகிறது. இப்போது டெஸ்ட் ஓட்டும் ஜெஸ்ட் மட்டும் './கட்டணம்.ஜேஎஸ்' கிடைக்கவில்லை என்கிறது.

பதில் 1:
ஜெஸ்ட் டிஸ்க்கில் அதே பெயரைத் தேடுகிறது. ஜெஸ்டின் செட்டிங்கில் 'மாட்யூல் நேம் மேப்பர்' சேர்த்து, புள்ளியில் தொடங்கி .ஜேஎஸ்-இல் முடியும் பாதையில் கடைசி .ஜேஎஸ்-ஐ மட்டும் வெட்டிவிடுங்கள், .டிஎஸ்-ஐக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
சரியாகிவிட்டது. டிஎஸ்சி-யை 'நோ எமிட்'டோடு (ஃபைல் எழுதாமல் சோதனை மட்டும்) சிஐ-யில், அதாவது கோடு ஏற்றும்போது தானாக ஓடும் சோதனையில், முதல் படியாகவும் வைத்துவிட்டேன்.