வீடியோவில் பார்த்தே பூனைக்கு மருந்து எழுதலாமாம்!

பொங்கோல்_வாசுகி:
நேற்று நம் பூனை வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் தேவா போட்டதை அப்படியே ஒட்டுகிறேன்: "கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி 1 முதல், முன்பின் பார்க்காத பூனைக்கும் வீடியோவிலேயே பார்த்து டாக்டர் மருந்து எழுதலாம். பிரிட்டனிலும் 2023 செப்டம்பரில் விதியைத் தளர்த்திவிட்டார்கள். சிங்கப்பூரில்தான் இன்னும் கூண்டில் அடைத்துத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். எல்லாம் கிளினிக்காரர்களின் கல்லாப்பெட்டிக்காக."

படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. நான் பல வருடம் கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருந்தவள். கல்லாப்பெட்டியையும் பார்த்திருக்கிறேன், மேசையில் கிடந்த பூனைகளையும் பார்த்திருக்கிறேன். தேவாவுக்கு ஒரே ஒரு கேள்வி. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் டாக்டர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? ஒரு கையால் பூனையைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரல்களால் அடிவயிற்றை மெல்லத் தேடிப் பார்ப்பார். நன்றாக இருக்கிற பூனைக்குச் சிறுநீர்ப்பை நெகிழ்ந்து கொடுக்கும். அடைத்திருந்தால் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, இறுகிப்போய்க் கையில் தட்டும். அந்த நேரத்தில் பூனை கத்தும் பாருங்கள், அதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். விட்டால் ஓரிரு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும்.

சிறுநீர்ப்பையை வீடியோவில் அழுத்திப் பார்க்க முடியுமா, முடியாதா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

தெம்பனிஸ்_தேவா:
குழுவில் எழுதியதை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இங்கே தூக்கிப் போடுவது என்ன நாகரிகம் அக்கா? சரி, போட்டாச்சு. பதில் சொல்கிறேன்.

நான் சொன்னது கலிஃபோர்னியாவின் ஏபி 1399 சட்டம். யாரோ ஃபார்வர்டு செய்த வதந்தி இல்லை. நேரடி வீடியோ கட்டாயம். வெறும் போன் பேச்சோ, கேள்வித்தாளை நிரப்பி அனுப்புவதோ செல்லாது. டாக்டருக்கு அந்த மாநிலத்து உரிமம் வேண்டும். வீடியோவில் பார்த்து எழுதும் மருந்துச்சீட்டு ஆறு மாதத்துக்குத்தான். ஆன்டிபயாட்டிக் என்றால் 14 நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் நேரில் காட்டியாக வேண்டும். போதை தரும் கட்டுப்பாட்டு மருந்துகளை நேரில் பார்க்காமல் எழுதவே கூடாது. இத்தனை நிபந்தனைகளோடுதான் அனுமதித்திருக்கிறார்கள். நான் பேசியது தோல் அரிப்பு, உண்ணி, காது நாற்றம் பற்றி. நீங்கள் ஏன் சிறுநீர்ப்பையைக் கொண்டு வருகிறீர்கள்?

பொங்கோல்_வாசுகி:
ஏன் கொண்டு வருகிறேனா? அடைப்பு வந்த பூனையை யாரும் "அடைப்பு" என்று சொல்லிக் கொண்டு வருவதில்லை தம்பி. "ரெண்டு நாளா மலச்சிக்கல், மணல் தட்டிலேயே உட்கார்ந்து முக்குகிறது" என்பார்கள். "சாப்பிடவில்லை, கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது" என்பார்கள். வீடியோவிலும் அதையேதான் சொல்வார்கள். டாக்டரும் மலச்சிக்கலுக்கு எழுதுவார். மறுநாள் பூனை இருக்காது.

காது நாற்றமும் சின்ன விஷயம் இல்லை. செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று கருவியை விட்டுப் பார்க்காமல் கண்ட சொட்டு மருந்தை ஊற்றினால் காதே போய்விடும். ஆனால் காதுப் பக்கம் நழுவ விட மாட்டேன். சிறுநீர்ப்பையை வீடியோவில் அழுத்த முடியுமா?

உட்லண்ட்ஸ்_காசிம்:
வாசுகி தங்கச்சி சொல்வது நியாயம். ஆனாலும் ஒன்று கேளுங்கள். பூனையை எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாது, பஸ்ஸிலும் முடியாது. வழிகாட்டி நாய்க்கு மட்டும்தான் இடம். டாக்சிக்காரர் கூண்டைப் பார்த்ததும் கையை ஆட்டிவிட்டுப் போகிறார். செல்லப்பிராணிகளை ஏற்றும் கிராப்பெட் வண்டியைக் கூப்பிட்டால் சாதாரண சவாரியைவிடக் காசு அதிகம். எங்கள் புளோக்கில் ஓர் அம்மா, தனியாக இருக்கிறார், முழங்கால் வலி. பூனைக்குக் கண்ணில் பீளை வந்தது. கூண்டைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் வரை வந்தவர் மூச்சு வாங்கித் திரும்பிப் போய்விட்டார். அவருக்கு வீடியோ கிடைத்தால் நல்லதுதானே?

மோகன்_கே:
எல்லாரும் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள். பொதுவாக ஆலோசனை சொல்வது ஒன்று. இது அவசரமா, உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா என்று பிரித்துச் சொல்வது இன்னொன்று. நோய் இன்னதென்று முடிவு செய்து மருந்து எழுதுவது மூன்றாவது. சட்டங்கள் இறுக்கிப் பிடிப்பது மூன்றாவதைத்தான். டெக்சஸில் ரொனால்ட் ஹைன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் 2002 முதல் இணையத்தில் ஆலோசனை சொல்லி வந்தார். விலங்கை நேரில் பார்க்காமல் சொன்னதற்காக 2013ல் அந்த மாநிலக் கால்நடை மருத்துவ வாரியம் அவரைத் தண்டித்தது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2024ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய பேச்சுரிமை பறிக்கப்பட்டது என்பதுதான் காரணம். முதலில் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று...

தெம்பனிஸ்_தேவா:
பாருங்கள்! மோகன் அண்ணனே சொல்லிவிட்டார். நீதிமன்றமே வீடியோவை ஏற்றுக்கொண்டுவிட்டது.

மோகன்_கே:
நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் மருந்து எழுதிக் கொடுக்கவில்லை, ஆலோசனைதான் சொன்னார். அதோடு, கலிஃபோர்னியாவிலும் அமெரிக்கக் கூட்டரசு விதி தனியாக நிற்கிறது. ஒரு மருந்தை அதன் லேபிளில் இல்லாத விதத்தில் விலங்குக்குக் கொடுக்க வேண்டுமென்றால், டாக்டர் அந்த விலங்கை நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது வாழும் இடத்துக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்கிறது எஃப்டிஏ, அதாவது அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம். கொவிட் காலத்தில் 2020ல் அதைத் தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில் தளர்வை எடுத்துவிட்டார்கள். பயந்த பூனைக்குக் கொடுக்கிற கபாபென்டின் மனிதர்களுக்கான மருந்துதான். அதுவே இந்த விதிக்குள் வந்துவிடும்.

பொங்கோல்_வாசுகி:
மோகன், டெக்சஸ் கதை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த டாக்டர் சிறுநீர்ப்பையை அழுத்திப் பார்த்தாரா?

கிளிப்பிரியன்:
எல்லாரும் பூனை பூனை என்கிறீர்கள். பறவைகளைப் பற்றி ஒருவராவது பேசுகிறீர்களா? கிளி நோயை வெளியே காட்டாது. காட்டும்போது பாதி முடிந்திருக்கும். கூண்டோடு வெயிலில் தூக்கிக்கொண்டு போனால் பயத்திலேயே மூச்சு வாங்கும். பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் எத்தனை பேர் இருக்கிறார்கள் இங்கே? எனக்கு வீடியோ வேண்டும்.

பொங்கோல்_வாசுகி:
கிளி நோயைக் காட்டாது என்று நீங்களே சொல்கிறீர்கள். நேரில் காட்டாததைக் கேமராவுக்கு மட்டும் காட்டுமா? என்ன நியாயம் இது?

கிளிப்பிரியன்:
வீட்டில் அதன் இடத்தில் இருக்கும்போது எப்படி உட்கார்ந்திருக்கிறது, வால் எப்படி ஆடுகிறது என்பது வீடியோவில்தான் தெரியும். கிளினிக் மேசையில் எல்லாக் கிளியும் ஒரே மாதிரிதான் நடுங்கும். நீங்கள் பறவை வளர்த்ததில்லை, விடுங்கள்.

பொங்கோல்_வாசுகி:
வளர்த்ததில்லை. ஆனால் சாகிற கிளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆக்சிஜன் கொடுத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்திருக்கிறீர்களா?

ஈசூன்_ராணி:
தேவா சட்டம் பேசுவதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. போன வருடம் எங்கள் பேட்டையில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்காதே என்று பக்கம் பக்கமாக எழுதியவர் இவர்தானே? "அசிங்கம், எலி வரும்" என்று எழுதினீர்களே தேவா. இன்றைக்குப் பூனை மேல் என்ன திடீர்ப் பாசம்?

தெம்பனிஸ்_தேவா:
ராணி அக்கா, சோறு வைத்தால் தட்டை எடுத்துப் போங்கள் என்றுதான் எழுதினேன். திரித்துச் சொல்லாதீர்கள். இங்கே பேச்சு வேறு.

ஈசூன்_ராணி:
தட்டு இல்லை. "இந்த அக்காக்களுக்கு வேறு வேலை இல்லை" என்று எழுதினீர்கள். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உட்லண்ட்ஸ்_காசிம்:
அதெல்லாம் இருக்கட்டும். 2024 செப்டம்பர் 1லிருந்து வீவக அடுக்குமாடி வீட்டில் ரெண்டு பூனை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். உரிமம், மைக்ரோசிப் எல்லாம் கேட்கிறார்கள். முன்னே ஒளித்து வளர்த்தவர்களும் இப்போது தைரியமாக வெளியே வருகிறார்கள். அப்படியென்றால் டாக்டரிடம் வருகிற பூனைகளும் கூடும்தானே? அதற்குத் தகுந்த மாதிரி வழி வேண்டாமா?

தெம்பனிஸ்_தேவா:
காசிம் அண்ணே, அதைத்தான் நான் கேட்கிறேன்! 1989லிருந்து தடை. அதையே மாற்றியிருக்கிறார்கள். இதை மாற்ற முடியாதா? நமக்கு ஒரு பிரச்சினை என்றால் வீட்டிலிருந்தே வீடியோவில் டாக்டரைப் பார்த்து எம்சி, அதான் மருத்துவ விடுப்புச் சான்று, வாங்குகிறோம். பூனைக்கு மட்டும் ஏன் கூடாது?

பொங்கோல்_வாசுகி:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள். அந்த எம்சி கதை என்ன ஆனது என்று தெரியுமா? மனிதர்களுக்கான வீடியோ வைத்தியத்தைச் சுகாதார அமைச்சு 2023 ஜூனிலிருந்து உரிமத்துக்குள் கொண்டு வந்தது. அப்படியும் 2024 டிசம்பரில் ஒரு கிளினிக்கின் உரிமத்தை ரத்து செய்தார்கள். ஒரு நிமிடத்திலோ அதற்கும் குறைவாகவோ பேசி முடித்த ஆலோசனைகள் ஒரே மாதத்தில் லட்சத்துக்கு மேல்! வாய் உள்ள மனிதனையே ஒரு நிமிடம் பார்க்காதவர்கள் வாயில்லா ஜீவனை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? "எங்கே வலிக்கிறது" என்று பூனையிடம் கேட்க முடியுமா? தொட்டால்தான் சொல்லும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். சிறுநீர்ப்பையை...

தெம்பனிஸ்_தேவா:
...வீடியோவில் அழுத்த முடியுமா! மனப்பாடம் ஆகிவிட்டது அக்கா. ஒரு கிளினிக் தப்புச் செய்தால் உரிமத்தைப் பறித்தார்கள், வீடியோ வைத்தியத்தையே தடை செய்யவில்லை. இதுதான் என் வாதமே. ஒழுங்குபடுத்துங்கள் என்கிறேன், பூட்டிவைக்காதீர்கள் என்கிறேன். பிரிட்டனில் என்ன செய்திருக்கிறார்கள்? நேரில் பார்க்காத விலங்கையும் டாக்டர் தன் பொறுப்பில் எடுக்கலாம். ஆனால் நேரில் பார்க்க வேண்டி வந்தால் 24 மணி நேரமும் அதற்கு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் எழுதுவதென்றால், விதிவிலக்கான சூழ்நிலை தவிர, நேரில் பார்த்தே ஆக வேண்டும். இதில் என்ன குறை?

மோகன்_கே:
ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இரண்டு நாடும் ஏன் தனியாக வேலி போடுகின்றன என்று யோசியுங்கள். பூனைக்குக் கண்டபடி கொடுத்தால் கிருமி மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும், அது மனிதனுக்கும் வரும். சிங்கப்பூரிலும் 2017ல் இதற்கென்றே தேசியச் செயல்திட்டம் போட்டார்கள். மனிதன், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அதனால் தேவா கேட்கும் சட்டம் இங்கே வந்தாலும் பாதி மருந்துக்கு...

பொங்கோல்_வாசுகி:
மோகன், நீங்கள் யார் பக்கம் என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு பதிவில் அவருக்கு, ஒரு பதிவில் எனக்கு என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மோகன்_கே:
நான் யார் பக்கமும் இல்லை. சட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்கிறேன். இங்கே விலங்குகள், பறவைகள் சட்டத்தின்படி கால்நடை வைத்தியம் பார்க்க ஏவிஎஸ் என்ற விலங்கு, கால்நடைச் சேவை அமைப்பின் உரிமம் வேண்டும். ஆகவே கலிஃபோர்னியா டாக்டர் வீடியோவில் வந்தாலும் இங்கே அவர் உரிமம் பெற்ற டாக்டர் இல்லை. தேவா முதலில் அந்த வித்தியாசத்தை...

தெம்பனிஸ்_தேவா:
கலிஃபோர்னியா டாக்டர் வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? நம் ஊர் டாக்டர், நம் ஊர் உரிமம், வீடியோவில். அவ்வளவுதான். படித்துவிட்டுப் பேசுங்கள் அண்ணே.

கிளிப்பிரியன்:
பறவை பார்க்கத் தெரிந்த டாக்டர் இங்கே எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஈசூன்_ராணி:
வாசுகி, நீங்கள் விடாதீர்கள். போன மாதம் நான் சோறு வைக்கும் கறுப்பு ஆண் பூனை இரண்டு நாள் ஒரே மூலையில் உட்கார்ந்து அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருந்தது. ராத்திரி ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப்போனேன். கையை வைத்த உடனே அடைப்பு என்று சொல்லிவிட்டார் டாக்டர். குழாய் விட்டு எடுத்தார்கள். பில்லைப் பார்த்துத் தலை சுற்றியது, ஆனால் பூனை இருக்கிறது. கல்லாப்பெட்டி என்று தேவா எழுதியது அவர்களைத்தான்.

பொங்கோல்_வாசுகி:
கேட்டுக்கொள்ளுங்கள் தேவா. கையை வைத்த உடனே!

தெம்பனிஸ்_தேவா:
வீடியோவில் ஒரு டாக்டர் அந்தப் பூனையை முதல் நாளே பார்த்திருந்தால் "இது ஆண் பூனை, மூலையில் உட்கார்ந்து நக்குகிறது, உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்" என்று சொல்லியிருப்பார். இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். ராணி அக்கா சொன்ன கதை என் பக்கம்தான் பேசுகிறது.

ஈசூன்_ராணி:
என் பூனையை வைத்து உங்கள் வாதத்தை ஜெயிக்காதீர்கள். அந்தப் பூனைக்குச் சோறு வைக்கக் கூடாது என்றவர் நீங்கள்.

தெம்பனிஸ்_தேவா:
தட்டை எடுத்துப் போங்கள் என்றுதான் எழுதினேன்!

பொங்கோல்_வாசுகி:
"தூக்கிக்கொண்டு ஓடுங்கள்" என்று சொல்வதற்கு டாக்டர் எதற்கு, அதை நானே சொல்வேன். நான் கேட்டது மருந்து எழுதுவதைப் பற்றி. நேற்றிலிருந்து கேட்கிறேன், தெம்பனிஸிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. ஆண் பூனை. அடிவயிறு. சிறுநீர்ப்பை. முடியுமா, முடியாதா?

தெம்பனிஸ்_தேவா:
உண்ணி. தோல் அரிப்பு. 14 நாள். என் முதல் பதிவை மறுபடி படியுங்கள்.