ரோஜா முத்தையா நூலகம்: முதல்முறை போகிறேன், வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் நான்கு நாள் சென்னை வந்து தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன். 1924 காவிரி வெள்ளத்தைப் பாடிய சிந்து என்னும் எளிய இசைப்பாடல்கள்தான் என் ஆய்வு. காலணாவுக்கும் அரையணாவுக்கும் சந்தையில் விற்ற மெல்லிய குஜிலிப் புத்தகங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்திருக்காவிட்டால் இவற்றில் பல என்றோ பொட்டலம் மடிக்கப் போயிருக்கும்.

பட்டியலில் தேடுவதில்தான் திணறுகிறேன். சில நூல்களின் முகப்பில் 'ரத்தாக்ஷி வருஷம்' என்று மட்டும் இருக்கும். அது 1924-ஆ, அறுபது வருடம் முந்தைய 1864-ஆ? அச்சகத்தின் பெயரை வைத்துக் கணிக்கலாமா? ஒரே சொல்லை ரத்தாட்சி, இரக்தாக்ஷி என்றெல்லாம் மாற்றித் தேட வேண்டுமா?

அங்கே போய்ப் படித்தவர்கள் சொல்லுங்கள். ஆய்வு நெறியாளர் கடிதம் வேண்டுமா? நூல் எண்களை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பினால் எடுத்து வைப்பார்களா? கைபேசியில் படம் எடுக்கலாமா, நகலுக்குத் தனியாக எழுதித்தர வேண்டுமா? பென்சிலும் நோட்டும் கொண்டு வருகிறேன். பக்கத்தில் பெண்கள் தங்க நல்ல விடுதி தெரிந்தாலும் சொல்லுங்கள்.