ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு: ஜாவா வயல்களைக் கரைப்பது இதுதானா? (வயல்வெளி, செங்காந்தள், கரும்புக்காடு என்ற புனைபெயர்களில் மூவர் நடத்தும் விவாதம்)

வயல்வெளி

இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் கிளாத்தென் பக்கம் சில வருடங்களாக வேலை பார்க்கிறேன். மெராப்பி எரிமலை கொடுத்த மண், வருடம் முழுக்கத் தண்ணீர், டெலாங்கு அரிசிக்குப் பேர் போன ஊர்கள். இவ்வளவு இருந்தும் வயலை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களைக் காண்பது அரிது. சொத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரிக்கிற வழக்கம்தான் முதல் காரணம் என்பது என் கருத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாத்தாவிடம் ஒரு ஹெக்டேர். நாலு பிள்ளைகளுக்குக் கால் கால் ஹெக்டேர். அவர்களுக்கு மும்மூன்று பிள்ளைகள் என்றால் தலைக்கு எண்ணூற்றுச் சொச்சம் சதுர மீட்டர். ஹெக்டேருக்கு ஐந்து டன் நெல் என்று வைத்தால், ஒரு போகத்துக்கு நானூறு கிலோ நெல். அரைத்தால் இருநூற்றைம்பது கிலோ அரிசி. அது சாப்பாட்டுக்கு வரும், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு வருமா? 2013 விவசாயக் கணக்கெடுப்பில் அரை ஹெக்டேருக்குக் குறைவாக வைத்திருந்த குடும்பங்கள் இந்தோனேசியா முழுக்க ஒரு கோடியே 42 லட்சம். 2023-இல் சுமார் ஒரு கோடியே 69 லட்சம். குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் இருக்க வேண்டும் என்று 1960-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள். ஒருவரே வயலை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுக்கும் முறை வராமல் இது தீராது.

செங்காந்தள்

ஐயா, உங்கள் கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் ஊரிலேயே இருந்து தன் தன் துண்டை உழுகிறார்கள். நடப்பது அப்படி இல்லையே. நாலு பேரில் ஒருவர் ஜகார்த்தாவில், ஒருவர் செமாராங்கில், ஒருத்தி வேறு ஊரில் கட்டிக்கொண்டு போயிருப்பாள். ஊரில் இருக்கிறவர் எல்லாருடைய பங்கையும் சேர்த்து உழுது பாதி விளைச்சலைக் கொடுப்பார். பத்திரத்தில் நாலு துண்டு, உழவில் ஒரே வயல். கணக்கெடுப்பு எண்ணைப் பாகப்பிரிவினை தலையில் மட்டும் கட்டாதீர்கள்.

அப்புறம் பெண்கள் விஷயம். ஜாவாவில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்றில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. இன்னொன்று தர்பூசணியை இரண்டாக வெட்டுவதுபோல் சரிபாதி. இதை 'சிகார் செமாங்கா' என்பார்கள். எந்த வழக்கமானாலும் மகள் வெறுங்கையோடு போவதில்லை. கல்யாணத்துக்கு முன் அவள் கொண்டுவந்த வயல் அவளுடையது. கல்யாணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து சேர்த்தது 'கோனோ-கினி', பிரிந்தால் அதையும் பங்கிட வேண்டும். புருஷன் விட்டுவிட்டுப் போனாலும் அம்மா வீட்டுக் கொல்லையில் வாழையும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கலாம் என்ற தைரியம் அதிலிருந்துதான் வருகிறது. சந்தையில் உட்கார்ந்து நெல்லுக்கும் மிளகாய்க்கும் விலை பேசுகிற பெண்கள் எல்லாம் அந்தத் தைரியத்தோடு வளர்ந்தவர்கள். 'ஒருவரே எடுத்துக்கொள்வது' என்று நீங்கள் சொல்கிற அந்த ஒருவர் எந்த வீட்டில் மகளாக இருக்கப் போகிறார்?

கரும்புக்காடு

இரண்டு பேரும் நிலம் உள்ளவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜாவா கிராமத்தில் ஒரு பெரும் பகுதிக்குப் பங்கு போட ஒன்றுமே கிடையாது. அவர்கள் பிழைத்தது பாகப்பிரிவினையால் இல்லை, அறுவடைப் பங்கால்.

முன்பெல்லாம் கதிர் முற்றினால் ஊர்ப் பெண்கள் யார் வேண்டுமானாலும் வயலில் இறங்கலாம். கைக்குள் அடங்கும் 'ஆனி-ஆனி' என்ற சிறு கத்தியால் கதிர் கதிராக அறுப்பார்கள். அறுத்ததில் ஆறில் ஒன்றோ பத்தில் ஒன்றோ கூலியாக எடுத்துப் போவார்கள், அதற்குப் 'பாவோன்' என்று பேர். யாரையும் போ என்று சொல்வது மரியாதை இல்லை. இருக்கிற கஞ்சியை ஊரே பகிர்ந்துகொள்கிறது என்று 1963-இல் அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் எழுதியது இந்த மாதிரி ஏற்பாட்டைப் பார்த்துத்தான்.

ஆனால் அது பத்துப் பதினைந்து வருடத்தில் ஆட்டம் கண்டது. குட்டை ரக நெல் வந்தது, அரிவாள் வந்தது. நிற்கிற பயிரையே வியாபாரிக்கு விற்கும் 'தெபாசான்' முறை பரவியது. வியாபாரி ஊர்க்காரர் இல்லை, அவருக்கு யாரிடமும் முகத்தாட்சண்யம் வேண்டியதில்லை. தன் ஆட்கள் சிலரைக் கூட்டி வந்து, எடைக்குக் கூலி கொடுத்து, வயலைச் சுத்தமாக அறுத்துக்கொண்டு போனார். அதே 1970-களில் அரவை மில்கள் வந்து, உரலில் நெல் குத்திய பெண்களின் வேலையும் போனது. நிலமில்லாத வீட்டுக்கு அரிசி வந்த இரண்டு வழியும் ஒரே நேரத்தில் அடைபட்டன.

1960 சட்டத்தின் கதையையும் முழுக்கச் சொல்லுங்கள், வயல்வெளி அண்ணா. அது இரண்டு ஹெக்டேர் கீழ்வரம்பு மட்டும் வைக்கவில்லை, ஜன நெருக்கமான பகுதியில் ஐந்து ஹெக்டேர் நன்செய் என்று உச்சவரம்பும் வைத்தது. ஏழு வருடம் தாண்டிய அடமான நிலத்தைப் பணம் வாங்காமல் திருப்பிக் கொடு என்றது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 1964-இல் குடியானவர்கள் வயலில் இறங்கிய இடங்களில் உங்கள் கிளாத்தெனும் ஒன்று. கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்து அடுத்த வருடம் தொடங்கிய படுகொலைகளில் அந்த இயக்கமே துடைத்தெறியப்பட்டது. பிரித்துக் கொடுத்த நிலம் பல ஊர்களில் பழைய கைக்கே திரும்பிப் போனது. வாய் திறந்தால் கம்யூனிஸ்ட் என்ற முத்திரை விழும் என்ற பயத்தில் ஒரு தலைமுறை நிலத்தைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்தது.

வயல்வெளி

அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இப்போது இருபத்தைந்து வயதுப் பையன் என்ன செய்வான், அதைச் சொல்லுங்கள். பத்தில் ஒன்று பங்குக்கு அறுக்க அவன் வரமாட்டான், இப்போது அறுவடை இயந்திரமும் வந்துவிட்டது. ஊரில் இல்லாத அண்ணன் தம்பிக்குப் பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு, உரமும் உழவுக் கூலியும் தன் தலையில் என்றால் அவன் பேசாமல் தொழிற்சாலைக்குப் போய்விடுவான்.

சின்னத் துண்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதை விற்க யாருக்கும் மனம் வலிப்பதில்லை. சாலையோரத் துண்டில் வீடு முளைக்கிறது, பக்கத்து வயலுக்கு வாய்க்கால் அடைகிறது, அதுவும் விற்பனைக்கு வருகிறது. உணவுப் பயிர் நிலத்தைக் காக்க 2009-இல் தனிச் சட்டமே போட்டும் இது நிற்கவில்லை. சோலோ–யோக்யகர்த்தா சுங்கச்சாலை இந்த நல்ல வயல்களின் நடுவேதான் போகிறது.

செங்காந்தள்

அந்தச் சாலையையே எடுத்துக்கொள்வோம். இழப்பீடு வாங்க யார் கையெழுத்து வேண்டும்? ஊர் அலுவலகத்தின் பழைய 'லெட்டர் சி' பேரேட்டில் நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், வாரிசுகள் அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். தொலைவில் இருக்கிற தங்கையைக் கூப்பிடாமல் அண்ணனால் பணத்தைத் தொட முடியாது. நீங்கள் கேட்கிற ஒற்றை வாரிசு முறை முதலில் பறிப்பது அந்தக் கையெழுத்தைத்தான்.

விளைச்சலைப் பங்கிட்டு உழுகிற வாரச் சாகுபடியில் அநியாயம் நடக்கிறது என்றால் அதற்கும் 1960-லேயே சட்டம் இருக்கிறது. நெல்லுக்குப் பாதிக்குப் பாதி, கிராமத் தலைவர் முன்னால் எழுத்தில் ஒப்பந்தம், நன்செய்க்குக் குறைந்தது மூன்று வருடம். யாரும் எழுதுவதில்லை, வாய்ப்பேச்சோடு முடித்துக்கொள்கிறார்கள். உங்கள் பையனுக்கு வேண்டியது அந்த மூன்று வருட உறுதி. தங்கையின் பங்கை அவனுக்கு எழுதி வைப்பதால் அது வராது.

கரும்புக்காடு

நிலமில்லாதவர்களுக்கும் ஒரு வழி ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிராம அதிகாரிகள் சம்பளத்துக்குப் பதிலாக அனுபவிக்கும் 'பெங்கோக்' நிலம் பல ஊர்களில் நல்ல பாசன வயல். 2014 கிராமச் சட்டம் அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தது. அடுத்த வருடமே ஒரு விதித் திருத்தம், பெங்கோக் வருமானத்தைக் கூடுதல் படியாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. சம்பளமும் வயலும் ஒரே கைக்கா? அது ஊர்ச் சொத்து. நிலமில்லாத குடும்பங்களுக்குக் குறைந்த குத்தகைக்கு விடட்டும்.

வயல்வெளி

பெங்கோக்கில் உங்களோடு நிற்கிறேன். எழுத்து ஒப்பந்தமும் சரி, நிலச் சான்றிதழில் எல்லா உடன்பிறப்புகளின் பெயரும் இருக்கட்டும். ஆனால் பிரிப்பதற்கு ஒரு கீழ் எல்லை வேண்டும் என்பதை விடமாட்டேன். கால் ஹெக்டேருக்குக் கீழே எல்லைக்கல் நடக்கூடாது.

செங்காந்தள்

கல் நடாமல் கூட்டுப் பெயரில் வைப்பதற்கு எனக்கு மறுப்பு இல்லை. ஒருவர் மற்றவர்களை விலை கொடுத்து விலக்குவது என்றால்தான் கேள்வி. சாலையோர வயலுக்கு இப்போது கேட்கிற விலையை நெல் விற்று ஒரு ஆயுளில் அடைக்க முடியாது. அந்த விலை கொடுக்க முடியாதபோது தங்கைக்குக் குறைத்துக் கொடுப்பார்கள், பேரம் பேச அவளுக்கு அண்ணன் வீட்டைத் தவிர வேறு இடம் இருக்காது. அதற்கு உங்கள் முறையில் என்ன காப்பு என்று எழுதுங்கள், மேலே பேசலாம்.